ஹோமில் 800 ஜிபி சும்மா கிடக்க, ரூட் நிரம்பி நின்ற சர்வர்

லினக்ஸ் சர்வர் நிறுவும்போது டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது என்று கேட்கும் ஒரு பக்கம் வரும். முக்கால்வாசிப் பேர் ‘தானாகப் பிரித்துக்கொள்’ என்பதை டிக் செய்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். எங்கள் ஆபீஸ் சர்வரை வைத்துக் கொடுத்தவரும் அதைத்தான் செய்திருந்தார். வைத்துக் கொடுத்த அன்றைக்கு எல்லாம் நன்றாகத்தான் ஓடியது, பில்லையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த ஒரு டிக்கின் வேலை என்ன என்பது ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, மாதக் கடைசியில், கண்டெய்னர் கிளம்ப வேண்டிய நாளில் தெரிந்தது. அப்போது சர்வர் பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன், எனக்கோ கணக்கு எழுதத்தான் சம்பளம்.

நான் வேலை பார்ப்பது கரூரில் ஒரு சின்ன ஏற்றுமதி யூனிட். மேசைவிரிப்பு, திரைச்சீலை, கிச்சன் டவல் மாதிரி வீட்டுத் துணிகள். கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்று சொன்ன பாவத்துக்கு, டேலி பார்த்துக்கொண்டிருந்த என்னிடமே சர்வரையும் ஒப்படைத்துவிட்டார்கள். ஆர்டர், பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ் எல்லாம் ஒரே சாஃப்ட்வேரில், அதற்குப் பின்னால் மரியாடிபி டேட்டாபேஸ், கீழே அல்மாலினக்ஸ், 1 டிபி எஸ்எஸ்டி. இவ்வளவு சின்ன கம்பெனிக்கு 1 டிபி எப்படி நிரம்பும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். நிரம்பவும் இல்லை, அதுதான் இதில் எரிச்சலான விஷயம்.

அன்றைக்கு மதியம் மெர்ச்சண்டைசர் பையன் வந்து, “அக்கா, இன்வாய்ஸ் சேவே ஆக மாட்டேங்குதுங்க, சுத்திக்கிட்டே இருக்குது” என்றான். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. டேட்டாபேஸ் நின்றும் போகவில்லை, உறைந்துபோய் இருந்தது. மரியாடிபியின் லாகைத் திறந்து பார்த்தால், டிஸ்க் நிரம்பிவிட்டது, யாராவது இடம் காலி செய்யும்வரை காத்திருக்கிறேன் என்கிற மாதிரி ஒரு வரி. டிஸ்க் நிரம்பினால் புரோகிராம் கத்தும் என்று நினைத்திருந்தேன், அது பாட்டுக்கு அமைதியாகக் காத்திருக்கும் என்று தெரியாது. சேவ் ஆகாமல் சுற்றினால் நெட்வொர்க்கையும் ரூட்டரையும் சந்தேகப்படுவதற்கு முன்னால் எந்தப் பகுதியில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் ‘டிஎஃப் -எச்’ கட்டளையை ஒரு தடவை அடித்துப் பாருங்கள். நான் ஸ்விட்சை ஆஃப் செய்து ஆன் செய்ததிலேயே முக்கால் மணி நேரம் போய்விட்டது.

டிஎஃப் காட்டியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிஸ்டம் முழுவதும் உட்காரும் முதன்மைப் பகுதியான ரூட்டுக்கு 70 ஜிபி, பயன்பாடு 100 சதவீதம். அதற்குக் கீழேயே யூசர்களின் சொந்த ஃபைல்களுக்கான ஹோம், 844 ஜிபி, அதில் 30 ஜிபிகூட நிரம்பவில்லை. அல்மா, ராக்கி என்ற இரண்டு லினக்ஸிலும் 8, 9 பதிப்புகளில் தானாகப் பிரிக்கச் சொன்னால் ரூட்டுக்கு 70 ஜிபியோடு நிறுத்திக்கொண்டு மீதி முழுவதையும் ஹோமுக்குக் கொடுத்துவிடும். ஆட்கள் லாகின் செய்து தங்கள் ஃபைல்களைப் போட்டுவைக்கிற மெஷினுக்கு அது சரியான கணக்குதான். டேட்டாபேஸ் சர்வரில் ஹோமில் யார் குடியிருக்கிறார்கள்? டேட்டாபேஸ் இருப்பது ‘/வார்/லிப்/மைஎஸ்க்யூஎல்’, லாக் போவது ‘/வார்/லாக்’, டாக்கர் போட்டால் ‘/வார்/லிப்/டாக்கர்’. வளர்கிற எல்லாமே வாருக்குள் இருக்கிறது, வார் ரூட்டுக்குள் இருக்கிறது. உங்கள் சர்வரில் எது வளரப்போகிறது, அது எந்த டைரக்டரியில் போய் உட்காரும், இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிவிட்டு அப்புறம் இன்ஸ்டாலரைத் தொட்டால் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி.

சரி, அவசரத்துக்கு இடம் தேட வேண்டும். எந்த டைரக்டரி எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று கூட்டிச் சொல்லும் ‘டியூ’வை ரூட்டில் ஓட்டினேன், ‘-எக்ஸ்’ சேர்த்து. அதைச் சேர்த்தால்தான் வேறு பார்ட்டிஷனுக்குள் (டிஸ்கின் வேறு பிரிவுக்குள்) தாண்டிப் போகாமல் ரூட்டை மட்டும் கூட்டும். சாஃப்ட்வேர் எழுதுகிற லாக் ஃபைல் ஒன்று மட்டுமே 9 ஜிபி. நீக்கினேன். திரும்ப டிஎஃப் அடித்தால் அதே 100 சதவீதம்! ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் ஃபைலை நீக்கினால் பெயர்தான் போகும், அந்தப் புரோகிராம் விடும்வரை இடம் திரும்பி வராது. ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ என்று அடித்தால் நீக்கிய பிறகும் ஏதோ ஒரு புரோகிராம் பிடித்து வைத்திருக்கும் ஃபைல்களைக் காட்டும். சாஃப்ட்வேரை ரீஸ்டார்ட் செய்ததும் 9 ஜிபி வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் லாகை நீக்காமல் ‘ட்ரங்கேட் -எஸ் 0’ கொடுத்து உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்திருந்தால் ரீஸ்டார்ட்டே தேவைப்பட்டிருக்காது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், டேட்டாபேஸ் ஃபோல்டருக்குள் பெரிது பெரிதாக வரிசை எண் போட்டுக் கிடக்கும் பின்லாக் ஃபைல்களை (டேட்டாபேஸில் நடந்த மாற்றங்களின் பதிவு) பார்த்தால் அழிக்கக் கை அரிக்கும். கையால் அழிக்காதீர்கள், டேட்டாபேஸுக்குள் போய் ‘பர்ஜ் பைனரி லாக்ஸ்’ கட்டளை கொடுத்துத்தான் நீக்க வேண்டும்.

டேட்டாபேஸ் மூச்சு விட்டது, இன்வாய்ஸ் போட ஆரம்பித்தார்கள். ஆனால் அதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. சுங்கத்துறையில் ஷிப்பிங் பில் தாக்கல் தள்ளிப்போய், தூத்துக்குடியில் கண்டெய்னர் உள்ளே போக வேண்டிய கட்-ஆஃப் தவறி, சரக்கு அடுத்த கப்பலுக்குப் போனது. லாரி நிறுத்தி வைத்த வாடகை, சிஎச்ஏ (சுங்க ஏஜெண்ட்) கேட்ட கூடுதல் பணம் எல்லாம் சேர்ந்து 40,000 ரூபாய்க்கு மேல். முதலாளி திட்டவில்லை. “1 டிபி போட்டிருக்குன்னு சொன்னாங்களேம்மா” என்று மட்டும் கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்வது, இடம் இருக்கிறது ஆனால் பக்கத்து அறையில் இருக்கிறது என்றா?

கணக்கு இன்னும் இடித்தது. லாகைக் காலி செய்த பிறகு டியூ கூட்டிச் சொன்னது 43 ஜிபி, டிஎஃப் சொன்னது 61. மீதி 18 ஜிபி எங்கே? எல்எஸ்ஓஎஃப்பும் எதையும் காட்டவில்லை. ராத்திரி ஆபீஸில் தனியாக உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொண்டேன், டிஸ்கே கெட்டுவிட்டது என்றுகூடப் பயந்தேன். விடை கிடைத்த இடம் யாரும் எனக்குச் சொல்லித் தராத ஒன்று. தினமும் இரவு பேக்கப் ஒரு வெளி ஹார்ட்டிஸ்குக்குப் போகும், அது ‘/பேக்கப்’ என்ற டைரக்டரியில் மவுண்ட் ஆகியிருக்கும், அதாவது அந்த டைரக்டரி வழியாகத்தான் ஹார்ட்டிஸ்க் உள்ளே தெரியும். நடுவில் எப்போதோ கூட்டிப் பெருக்கும்போது அந்த யூஎஸ்பி கேபிள் கழன்றிருக்கிறது. ஸ்கிரிப்ட்டுக்கு அது தெரியாதே, ‘/பேக்கப்’ என்ற காலி டைரக்டரி ரூட்டில் இருந்தது, அதற்குள்ளேயே கொட்டிவிட்டது. பிறகு யாரோ கேபிளைச் சொருக, ஹார்ட்டிஸ்க் அதன் மேலேயே மவுண்ட் ஆகிவிட்டது. கீழே கிடந்த 18 ஜிபி டியூவின் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது, டிஎஃப் மட்டும் அதை எண்ணிக்கொண்டே இருந்தது.

இதைக் கண்டுபிடிக்க வழி சுலபம். ஏதாவது ஒரு காலி டைரக்டரியில் ரூட்டை ‘மவுண்ட் --பைண்ட்’ செய்து அதற்குள் பார்த்தால், மேலே மவுண்ட் ஆனவை எதுவும் இல்லாமல் ரூட்டில் உண்மையில் கிடப்பது மட்டும் தெரியும். மறுபடி வராமல் இருக்க நான் செய்தது இரண்டு. ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் ‘மவுண்ட்பாயிண்ட் -க்யூ’ வைத்து, ஹார்ட்டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி எனக்கு மெயில் அனுப்பச் சொல்லிவிட்டேன். அதோடு ஹார்ட்டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு அந்தக் காலி டைரக்டரிக்கு ‘சிஎச்அட்ர் +ஐ’ போட்டேன், இனிமேல் மவுண்ட் ஆகாத நேரத்தில் முழு அதிகாரம் உள்ள ரூட் யூசரால்கூட அதற்குள் எழுத முடியாது. எதை எங்கே மவுண்ட் செய்ய வேண்டும் என்ற பட்டியலான எஃப்எஸ்டேபில் வெளி டிஸ்கை எழுதும்போது ‘நோஃபெயில்’ சேர்க்கவும் மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் அது சொருகாமல் இருக்கும்போது ரீபூட் செய்தால் சர்வர் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும்.

இது எல்லாம் ஒட்டுப்போடும் வேலைதான். ஹோமில் சும்மா கிடக்கும் 800 ஜிபியை ரூட் பக்கம் கொண்டுவந்தால்தான் நிம்மதி. பிரித்த பகுதிகளின் அளவைப் பின்னால் மாற்ற விடும் எல்விஎம் இருக்கிறதே, ஹோமைக் கொஞ்சம் சிறிதாக்கி ரூட்டைப் பெரிதாக்கிவிடலாம், பத்து நிமிஷ வேலை என்று நினைத்துக்கொண்டு போனேன். ஹோம் இருந்தது எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில். எக்ஸ்எஃப்எஸ்ஸைப் பெரிதாக்கலாம், அதுவும் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம், ஆனால் சிறிதாக்க நடைமுறையில் வழி கிடையாது. இஎக்ஸ்டி4 என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டமாக இருந்தால் அன்மவுண்ட் செய்துவிட்டுச் சிறிதாக்கலாம், அதற்கும் கொஞ்சம் தைரியம் வேண்டும். ஆகக் கொடுத்தது கொடுத்ததுதான், திரும்ப வாங்க வேண்டுமென்றால் உள்ளே இருப்பதை வெளியே எடுத்து, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். ஒரு டெக்னீஷியனிடம் கேட்டேன், சர்வரை முழுதாகத் திரும்ப நிறுவ 25,000 என்றார். ஒரு புது ஹார்ட்டிஸ்க் வாங்கி ஞாயிற்றுக்கிழமை நானே செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அந்த ஞாயிறைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். கடையில் வாங்கும் ஹார்ட்டிஸ்க் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் வரும், அதிலேயே காப்பி செய்தால் எந்த ஃபைல் யாருடையது என்கிற விவரமும் பர்மிஷனும் ஒழுங்காகத் திரும்பி வராது. அதை முதலில் எக்ஸ்எஃப்எஸ்ஸாக ஃபார்மட் செய்துவிட்டு, ‘ஆர்சிங்க் -ஏஏஎக்ஸ்எச்’ (rsync -aAXH) கொடுத்து ஹோமை அதில் எடுத்துக்கொண்டேன். நாலைந்து ஃபைலைத் திறந்து பார்த்து, எண்ணிக்கையும் ஒத்துப்பார்த்த பிறகுதான் அடுத்த படி. ஹோமை அன்மவுண்ட் செய்யப் போனால் ‘டார்கெட் இஸ் பிஸி’ என்கிறது. ஏன் என்றால் நான் எஸ்எஸ்எச் வழியாக என் யூசரில் லாகின் செய்திருந்தேன், என் யூசரின் வீடு ஹோமுக்குள்தானே இருக்கிறது, உட்கார்ந்திருக்கும் பலகையை நானே உருவப் பார்த்திருக்கிறேன். சர்வரோடு மானிட்டரும் கீபோர்டும் சேர்த்து, நேராக ரூட்டாக லாகின் செய்த பிறகுதான் விட்டது. அப்புறம் ‘எல்விரிமூவ்’. அந்தக் கட்டளை நிஜமாகவே அழிக்கட்டுமா என்று கேட்கும். ‘ஒய்’யை அழுத்துவதற்கு முன் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன், கூச்சப்படாமல் சொல்கிறேன்.

ஹோமை 150 ஜிபியில் அதே பெயரில் திரும்ப உருவாக்கினேன். பெயர் மாறாததால் எஃப்எஸ்டேபில் மாற்ற ஒன்றும் இல்லை. உங்கள் எஃப்எஸ்டேபில் பெயருக்குப் பதில் யூயூஐடி (ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்) இருந்தால், ஃபார்மட் செய்ததும் யூயூஐடி மாறிவிடும், அதைத் திருத்தாமல் ரீபூட் செய்தால் திரும்ப அதே எமர்ஜென்சி மோடுதான். ரீபூட்டுக்கு முன் ‘ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை’ என்று அடித்தால் எஃப்எஸ்டேபில் உள்ள தவறுகளை அதுவே சொல்லிவிடும், ரீபூட் செய்து தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. எல்லாவற்றையும் திரும்ப வைத்த பிறகு ‘ரீஸ்டோர்கான் -ஆர்’ ஓட்டுங்கள். ஃபைல்களில் எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாடு ஒட்டியிருக்கும் லேபிள் சரியாக இல்லையென்றால் பாஸ்வேர்ட் போட்டு உள்ளே வர முடியும், கீ வைத்து எஸ்எஸ்எச்சில் வர முடியாது. காரணமும் சொல்லாது. மனிதனைப் பைத்தியமாக்கும் விஷயம் அது.

மீதமான இடத்தில் டேட்டாபேஸ் டைரக்டரிக்குத் தனியாக 200 ஜிபி, ‘/வார்/லாக்’குக்குத் தனியாக 20 ஜிபி பிரித்தேன். லாகைத் தனியாக வைத்தால், ஏதோ ஒரு புரோகிராம் பைத்தியம் பிடித்து எழுதித் தள்ளினாலும் அது தன் 20 ஜிபியைத்தான் நிரப்பும், டேட்டாபேஸ் கழுத்தை நெரிக்காது. டேட்டாபேஸுக்கு 200 ஏன் என்றால், அப்போது அதன் அளவு 30 ஜிபிக்குக் கொஞ்சம் மேல், மாதம் 2 ஜிபி போல வளர்கிறது. வளர்ச்சியை மட்டும் கணக்குப் போடக் கூடாது. பெரிய டேபிள் ஒன்றின் அமைப்பை மாற்றும்போது மரியாடிபி பல நேரம் அந்த டேபிளையே முழுதாக இன்னொரு காப்பி எழுதும், அந்த நேரத்துக்கு இரட்டிப்பு இடம் வேண்டும். டேட்டாபேஸை நகர்த்தும்போது அதை நிறுத்திவிட்டுத்தான் காப்பி எடுக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. புதிதாக மவுண்ட் ஆன டைரக்டரியின் உரிமை ரூட்டிடம் இருக்கும், அதை மைஎஸ்க்யூஎல் யூசருக்கு மாற்றாவிட்டால் டேட்டாபேஸ் எழுந்திருக்காது, இதிலும் லேபிள் விஷயம் உண்டு.

எல்லாம் போக சுமார் 470 ஜிபி யாருக்கும் கொடுக்காமல் எல்விஎம்மின் பொதுக் கையிருப்பான வால்யூம் குரூப்பில் அப்படியே விட்டிருக்கிறேன். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடச் சட்டை தைக்கும்போது பிள்ளை வளரும் என்று உள்ளே துணி மடித்து விட்டுத் தைப்பார்களே, அதுதான் இது. எந்தப் பக்கம் வளரப்போகிறது என்று நமக்கு முன்கூட்டியே தெரியாது. எது நெருக்குகிறதோ அதற்கு ‘எல்விஎக்ஸ்டெண்ட் -ஆர்’ கொடுத்தால், ‘-ஆர்’ இருப்பதால் ஃபைல் சிஸ்டமும் சேர்ந்தே பெரிதாகும், சர்வரை நிறுத்தக்கூட வேண்டாம். ‘விஜிஎஸ்’ அடித்தால் கடைசியில் வரும் ‘விஃப்ரீ’ என்ற எண் பூஜ்யமாக இருந்தால் உங்களுக்கும் என் கதிதான், நிரம்புவதற்கு முன்னாலேயே வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.

புதிதாகப் பிரிப்பவர்கள் இதைப் படித்துவிட்டு எதிர்த் திசையில் ஓடிவிடவும் கூடாது. பழைய பாடக் குறிப்புகளில் யூஸ்ஆருக்குத் தனி, டெம்புக்குத் தனி, ஆப்ட்டுக்குத் தனி என்று பத்துத் துண்டாக வெட்டச் சொல்லியிருப்பார்கள். யூஸ்ஆர் தனியாக வந்த கதையே, 1970களில் பெல் லேப்ஸில் பிடிபி-11 மெஷினின் முதல் டிஸ்கில் இடம் போதாமல் சிஸ்டம் புரோகிராம்கள் அடுத்த டிஸ்குக்கு வழிந்த கதைதான். அன்றைக்கு அவர்களுக்கு வந்த நெருக்கடிக்கு இன்றைக்கு நாம் பார்ட்டிஷன் வெட்ட வேண்டியதில்லை. டெம்பைத் தனியாக வைத்து ‘நோஎக்ஸெக்’ போடுவது பாதுகாப்புக்கு நல்லது, ஆனால் சில இன்ஸ்டாலர்கள் அங்கிருந்துதான் ஓடும், அவை விழுந்துவிடும், தெரிந்து செய்யுங்கள். பூட்டுக்கு 1 ஜிபி விடுங்கள், பழைய கர்னல்கள் அங்கே சேரும். ஸ்வாப்புக்கு (ரேம் போதாதபோது டிஸ்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) ரொம்ப யோசிக்க வேண்டாம், 16 ஜிபி ரேமுக்கு 4 ஜிபிகூடப் போதும், எங்கள் சர்வரில் இருக்கும் 16 ஜிபி ஸ்வாப்பை நான் தொடவில்லை. டிஸ்க் 2 டிபியைத் தாண்டினால் பழைய எம்பிஆர் முறை அதற்கு மேல் எட்டாது, ஜிபிடி வேண்டும். இஎக்ஸ்டி4 போடுபவர்கள் ‘டிஎஃப் -ஐ’யையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஐநோடு (ஒரு ஃபைலுக்கு ஒன்று வேண்டிய பதிவு) எண்ணிக்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடும், குட்டிக் குட்டி ஃபைல் லட்சக்கணக்கில் சேர்ந்தால் இடம் இருக்கும்போதே இடமில்லை என்று சொல்லும்.

வாடகைக்கு எடுக்கும் சின்ன விபிஎஸ்ஸில் (விர்ச்சுவல் சர்வர்) இந்த வெட்டுவேலை எதையும் நான் செய்வதில்லை. 25, 40 ஜிபி டிஸ்கைத் துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் வீணாவதுதான் மிச்சம். ஒரே ரூட், 2 ஜிபிக்கு ஒரு ஸ்வாப் ஃபைல், அவ்வளவுதான். டேட்டாபேஸ் வளர்ந்தால் தனி வால்யூம் ஒன்றை வாங்கி அந்த டைரக்டரியில் மாட்டிக்கொள்ளலாம். பேனலில் டிஸ்கைப் பெரிதாக்கிவிட்டு டிஎஃப் பழைய அளவையே காட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம், முதலில் ‘குரோபார்ட்’, அடுத்து எக்ஸ்எஃப்எஸ் என்றால் ‘எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ்’, இஎக்ஸ்டி4 என்றால் ‘ரீசைஸ்2எஃப்எஸ்’, இந்த இரண்டு படியும் முடிந்தால்தான் புது இடம் உள்ளே தெரியும்.